புச்சி பாபு யாருண்ணே?

"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுப்பா. பம்பு, வால்வுன்னு ஆரம்பிச்சுடாதே. படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொன்னார். மெக்கானிக்கல் படித்துவிட்டு 14 வருஷமாகப் பம்பு, வால்வோடு குடும்பம் நடத்துகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், என்னைக் கொஞ்ச காலமாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சங்கதியையே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். நான் வரலாறு படித்தவன் அல்ல. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

2024 ஆகஸ்டில் விடுமுறைக்கு மதுரை வந்திருந்தேன். நத்தத்தில் நான்கு நாள் கிரிக்கெட் நடக்கிறது என்று பேப்பரில் பார்த்ததும் கால் பரபரத்தது. இப்போது நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டதால், ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் போகிற பழைய கதை இல்லை. அக்கா மகனை பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். பையன் பத்தாவது. ஐ.பி.எல். ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார்கள் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் வெள்ளை உடுப்பில் இரண்டு மாநில அணிகள் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தன. பார்க்க வந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேனரில் 'அகில இந்திய புச்சி பாபு' என்று போட்டிருந்தது. பையன் அதைப் படித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இந்தப் புச்சி பாபு யாரு?"

எனக்குத் தெரியவில்லை. சிறு வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த பெயர். புச்சி பாபு டிராபி, புச்சி பாபு ஃபைனல் என்று விளையாட்டுப் பக்கத்தில் ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ரத்தமும் சதையுமாக ஒரு மனிதர் இருந்திருப்பார் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. "யாரோ பெரிய பணக்காரரா இருக்கும்டா" என்று சமாளித்தேன். அது பாதி உண்மைதான் என்பது பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவருடைய முழுப் பெயர் மோதவரப்பு வெங்கடமகிபதி நாயுடு. பிறந்தது 1868. செல்லப் பெயர் புச்சி பாபு. கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. தாத்தா மோதவரப்பு தேரா வெங்கடசாமி நாயுடு, பாரி கம்பெனியின் துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேசி, பேரம் முடித்து, ஜாமீனும் நின்று, அந்த வகையில் பெரும் பொருள் சேர்த்தவர்கள் துபாஷ்கள். நாம் பாரிமுனை பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அந்தப் பாரிதான் இந்தப் பாரி. மயிலாப்பூர் லஸ்ஸில் அவர்களுக்கு அரண்மனை மாதிரி ஒரு வீடு. லஸ் ஹவுஸ் என்று பெயர். பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஆங்கிலேய தாதிகளை வேலைக்கு வைத்திருந்தார் தாத்தா.

அந்த தாதிகள்தான் தென்னிந்தியக் கிரிக்கெட்டுக்கு முதல் விதை போட்டவர்கள் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். மாலையில் குழந்தைகளை உலாவ அழைத்துப்போன இடம் சேப்பாக்கம். அங்கே தங்கள் நாட்டு ஆட்கள் ஆடுவதை தாதிகள் வேடிக்கை பார்க்க, பக்கத்தில் நின்ற பையன்களும் பார்த்தார்கள். பார்த்த பையன்களில் ஒருவனுக்கு அந்த ஆட்டம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

சேப்பாக்கம் அப்போது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் இடம். 1846-ல் தொடங்கிய கிளப். உறுப்பினர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். வேலியோரம் நின்று இந்தியர்கள் பார்க்கலாம். கொஞ்ச காலம் போனபின், எதிரணியாக வந்து ஆடவும் ஆடலாம். ஆனால் பெவிலியனுக்குள் கால் வைக்கக் கூடாது. மதிய இடைவேளையில் வெள்ளைக்கார அணி உள்ளே போய் மேஜை போட்டுச் சாப்பிடும். இந்திய அணி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காலையிலிருந்து ஒரே வெயிலில் ஒரே பந்தின் பின்னால் ஓடியவர்கள்தான் இரண்டு பக்கமும். மணி அடித்ததும் ஒரு பக்கம் படியேறும், மறு பக்கம் நிழல் தேடும்.

இதைப் படித்தபோது எனக்குச் சுரீரென்றது. காரணம் உண்டு. நான் மூன்றாவது வருஷம் படிக்கும்போது நம் கல்லூரி அணி ஒரு வெளியூருக்கு ஆடப் போனது. ஊர் பெயர், கிளப் பெயர் வேண்டாம். மதியம் பெவிலியன் பக்கம் ஒதுங்கினோம். "மெம்பர்ஸ் மட்டும்தான் தம்பி, அந்தப் பக்கம் போங்க" என்றார் ஒருவர். சரி என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். எங்களை ஜெயித்த உள்ளூர் அணி உள்ளே ஃபேனுக்கு அடியில் பிரியாணி சாப்பிட்டது. எங்களில் ஒருவருக்கும் அது அவமானமாகப் படவில்லை என்பதுதான் விஷயம். இப்படித்தான் இருக்கும் போல என்று கையைத் துடைத்துக்கொண்டு ஃபீல்டிங்குக்குப் போய்விட்டோம். எங்கள் விக்கெட் கீப்பர் மட்டும், "டேய், அவனுக பிரியாணில லெக் பீஸ் இருந்துச்சுடா" என்று சாயங்காலம் வரை புலம்பிக்கொண்டிருந்தான்.

புச்சி பாபுவுக்கு உறைத்தது. 1888-ல், தம் இருபதாவது வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இந்த வயதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உங்கள் மூன்றாம் வருஷ வயது. ஜார்ஜ் டவுனுக்கும் கோட்டைக்கும் நடுவில் எஸ்பிளனேடு என்று இருந்த வெட்டவெளியில் அந்த கிளப் ஆடத் தொடங்கியது. மட்டை, பந்து, வலை, ஆட்டக்காரர்களுக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் தம் கைப்பணத்தைப் போட்டார். ஊரிலிருந்து இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார். தாமும் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவர் எத்தனை ரன் எடுத்தார், எத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்பதற்காக யாரும் அவரை நினைவு வைத்திருக்கவில்லை. ஆடுவதற்கு ஓர் இடம் செய்தார். அதற்காகத்தான் அவர் பெயர் நின்றது.

இங்கே ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. கோபம் வந்தவர் இரண்டில் ஒன்று செய்திருக்கலாம். சேப்பாக்கம் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று ஒதுங்கியிருக்கலாம். அல்லது தம் செல்வாக்கை வைத்து, தமக்கு மட்டும் உள்ளே ஒரு நாற்காலி வாங்கியிருக்கலாம். பாரி கம்பெனி துபாஷ் வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு முயன்று பார்க்க வழியா இல்லை? அவர் இரண்டையும் செய்யவில்லை. இருபது வருஷம் பொறுமையாக ஆள் சேர்த்தார், ஆட்டம் கற்றுக்கொடுத்தார், பிறகு சமமாக நின்று ஆடுவதற்கு ஏற்பாடு செய்தார். ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே சென்னையில் ஒரு பிரெசிடென்சி மேட்ச் நடத்துவது என்று முடிவானது. பம்பாயில் பார்சிகள் 1886-லேயே இங்கிலாந்து வரை போய் ஆடிவிட்டு வந்திருந்தார்கள். 1892-லிருந்து அங்கே ஐரோப்பியர் - பார்சி பிரெசிடென்சி மேட்ச் நடந்து வந்தது. நம் பக்கம் அது வர 1908 டிசம்பர் ஆயிற்று.

அந்த ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. ஏற்பாடெல்லாம் முடிந்து, ஆட்டம் தொடங்குவதற்குள் புச்சி பாபு காலமானார். வயது நாற்பது. எனக்கு இன்னும் மூன்று வருஷத்தில் அந்த வயது வருகிறது.

அவர் இல்லாமலே அந்த ஆட்டம் நடந்தது. 1915-16 சீசனிலிருந்து பொங்கலை ஒட்டி அது ஒரு வழக்கமாகவே ஆகி, 1951-52 வரை நீடித்தது. மெட்ராஸ்காரர்களுக்குப் பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள், சேப்பாக்கம் மேட்ச் என்று ஆகிப்போன காலம் அது. நம் பக்கம் பொங்கல் என்றால் அலங்காநல்லூர், பாலமேடு. அங்கேயும் ஒரு பக்கம் தைரியசாலி, ஒரு பக்கம் வேகம். மதிய இடைவேளை மட்டும் கிடையாது!

புச்சி பாபு நினைவாக அவருடைய பிள்ளைகளும் நண்பர்களும் தொடங்கிய போட்டிதான் புச்சி பாபு டிராபி. பிள்ளைகள் மூன்று பேரும் ஆட்டக்காரர்கள். மூத்தவர் வெங்கடராமானுஜுலு, எல்லாருக்கும் 'பட்'. இன்னொருவர் பாலையா. பேரன்களும் ரஞ்சி வரை ஆடினார்கள். தத்துப் போனதால் கோட்டா ராமசுவாமி என்று வேறு குடும்பப் பெயர் வாங்கிய மகனின் கதையைத் தனியாகவே எழுதலாம். தகப்பனார் இறந்தபோது அவருக்கு வயது 12. 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். பதினான்கு வருஷம் கழித்து, 1936-ல், நாற்பது வயதுக்கு மேல், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 எடுத்தார். ஆடியது இரண்டே டெஸ்ட், மொத்தம் 170 ரன், சராசரி 56-க்கு மேல். 89 வயதில், 1985 அக்டோபரில் ஒரு நாள், வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கிரிக்கெட் புள்ளிவிவரப் புத்தகங்கள் அவருடைய இறந்த தேதிக்கு நேராக என்ன போடுவது என்று தெரியாமல் விழித்தன.

தகப்பனார் போட்ட பாதையில் வந்தவர்கள் சொந்தப் பிள்ளைகள் மட்டும் அல்ல. செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கம் என்ற கிராமத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலனைச் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியில் ஆடிக்கொண்டிருந்த பையனைக் கண்டுபிடித்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்து ஆடவைத்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். புச்சி பாபு காலத்தில் மரத்தடிக்கு அனுப்பிய அதே வெள்ளைக்கார வட்டாரத்திலிருந்து, ஒரு தலைமுறை கழித்து ஒருவர் வந்து ஒரு கிராமத்துப் பையனைக் கைதூக்கி விடுகிறார். இடையில் நடந்தது என்ன? வருஷா வருஷம் எதிரெதிரே நின்று ஆடினார்கள், அவ்வளவுதான். 1934 நவம்பர் 4-ஆம் தேதி, ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸ் - மைசூர், சேப்பாக்கத்தில். முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். ஆட்டம் அன்று மாலையே முடிந்துவிட்டது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். கோபாலன் ஹாக்கியிலும் கில்லாடி. தியான்சந்தோடு 1935-ல் நியூசிலாந்து போய் வந்தவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் நம்மவர்கள் தங்கம் வாங்கிவிட்டார்கள். நம்மில் சிலர் கேம்பஸில் கம்பெனி தேர்ந்தெடுத்த லட்சணமும் இப்படித்தான் முடிந்தது!

நிற்க. இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால் புச்சி பாபுவை ஒரேயடியாகத் தூக்கி வைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அவர் பெரும் பணக்காரர். பெரிய வீடு, பெரிய தொடர்பு. அவர் கேட்டது, வெள்ளைக்காரனுக்குச் சமமாக எங்களையும் நடத்து என்பது. அதே காலத்தில், வெள்ளைக்காரன் அல்ல, நம்மவர்களே நம்மவர்களை வெளியே நிறுத்திய கதையும் கிரிக்கெட்டில் இருக்கிறது. புனாவில் பல்வாங்கர் பாலூ என்றொரு இடதுகைப் பந்துவீச்சாளர் இருந்தார். தாழ்த்தப்பட்ட சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். வெள்ளைக்கார கிளப்பில் ஆடுகளத்தைச் செப்பனிடும் வேலை, மாதம் நான்கு ரூபாய் சம்பளம். வலைப்பயிற்சியில் மணிக்கணக்காக அவரைப் பந்துபோட வைத்தார்கள். ஒரு நாளும் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை. பிறகு இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, வேறு வழியில்லை, விக்கெட் எடுக்க ஆள் வேண்டுமே! ஆனால் தேநீர் வேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலூவுக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911-ல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார் அவர். புச்சி பாபு உட்கார்ந்த மரத்தடி வேறு, பாலூ நின்ற வாசல் வேறு. முதலாவதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மதுரைக்காரர்களான நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லாரும் போக முடிந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதிக்குப் பிறகுதான்.

பாலூவைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் கல்லூரி மார்க்கர் அண்ணன் ஞாபகம் வந்தார். 2007 முதல் 2011 வரை படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். பெயர் போடவில்லை, போட்டால் கோபித்துக்கொள்வார். விடியற்காலை ஐந்து மணிக்கு, திருப்பரங்குன்றம் மலை இருட்டில் ஒரு கறுப்புக் குவியலாகத் தெரியும் நேரத்தில், ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு தேங்காய் நார் மேட்டை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவார். ஒரு பக்கம் இழுவை குறைந்தால் பந்து அங்கே பட்டு எகிறும். அதற்காகவே எந்தப் பக்கம் எத்தனை ஆணி என்று மனசுக்குள் கணக்கு வைத்திருப்பார். டென்ஷன், ஃபிரிக்‌ஷன் எல்லாம் வகுப்பில் படித்தது நாங்கள். அதை வைத்து வேலை பார்த்தது அவர். ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன்: "அண்ணே, நீங்க ஆடியிருக்கீங்களா?"

"பந்து போடுவேன் தம்பி. உங்க சீனியருக எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன்."

"பேட்டிங்?"

"எவன் குடுத்தான்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பேட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை. இவ்வளவு வருஷம் கழித்து இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

நம்மில் பலர் கிரிக்கெட் கற்றது மைதானத்திலேயே அல்ல. மதுரையைச் சுற்றி எந்த ஊரில் பிறந்தவனும் சொல்லுவான்: கண்மாய் வற்றினால்தான் கிரவுண்டு. மழை பெய்தால் விவசாயிக்குச் சந்தோஷம், எங்களுக்கு ஆட்டம் போச்சு. மாசி, பங்குனியில் கண்மாய் காய்ந்து வெடிப்பு விட்டதும், கருவேல முள்ளை ஒதுக்கி, மண்ணைத் தட்டி, மூன்று குச்சி நட்டால் சேப்பாக்கம் தயார். டவுன் பையன்களுக்கு வைகை ஆறு. பந்துக்கு ஆளுக்கு ரெண்டு ரூபாய். ஊருக்கு ஊர் பெட் மேட்ச். இதில் எத்தனை பேர் நன்றாக ஆடினார்கள்! என் ஊரிலேயே ஒருவன் இருந்தான், எந்த மட்டையைக் கொடுத்தாலும் கண்மாய்க் கரையைத் தாண்டி அடிப்பான். இப்போது திருப்பூரில் டெய்லர். அவனைத் தேடி வந்து மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுக்க எங்கள் பக்கம் ஒரு புச்சி பாபு இல்லை. தமிழ்நாட்டுக் கிரிக்கெட் என்றால் ரொம்ப காலம் மெட்ராஸ் கிரிக்கெட்தான். அதிலும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி சுற்றுவட்டாரம். இதை யார் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆர்வமுள்ள ஆள் எங்கே இருந்தாரோ அங்கே ஆட்டம் வளர்ந்தது, அவ்வளவே.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதை இதற்கு நல்ல உதாரணம். நெசவுத் தொழிலாளியின் மகன். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவரை ஊரிலேயே ஜெயப்பிரகாஷ் என்பவர் கவனித்து, கூடவே நின்று, சென்னைக்குப் போக வழி செய்தார். அந்த ஜெயப்பிரகாஷ் எந்தப் பெரிய அணிக்கும் ஆடிப் பெயர் வாங்கியவர் இல்லை. நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டத்திலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டிலும் இறங்கினார். சட்டையில் போட்டுக்கொண்ட பெயர் 'ஜே.பி. நட்டு'. ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ். பிறகு 2023-ல் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானம் அமைத்துத் திறந்தார். லஸ் ஹவுஸ் பணத்தில் 1888-ல் நடந்ததும், சின்னப்பம்பட்டியில் நடந்ததும் ஒரே காரியம்தான் என்பது என் அபிப்பிராயம். முன்னதைவிடப் பின்னது எனக்கு ஒரு படி மேல். அங்கே சொத்து இருந்தது. இங்கே ஆள் மட்டும்தான் இருந்தார்.

நம் பக்கமும் காலம் மாறித்தான் வருகிறது. மதுரை பெயரில் ஒரு அணி 2018-ல் தமிழ்நாடு பிரீமியர் லீகை வென்றது. சில வருஷ இடைவெளிக்குப் பின் 2023-ல் மீண்டும் தொடங்கிய புச்சி பாபு போட்டி, 2024-ல் கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் என்று வந்தது. ஐதராபாத் அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 1908-ல் செத்துப்போன ஒரு மனிதரின் பெயர், நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு நத்தம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பார்க்கப் போனவன் அவர் யார் என்று தெரியாமல் நின்றான்.

ஊருக்குத் திரும்பும் முன் அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். மரத்தடிச் சாப்பாடு வரை ஒழுங்காகக் கேட்டான். பிறகு, "சரி மாமா, அந்த மரம் இன்னும் இருக்கா?" என்றான். நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக நண்பர்களுக்கு ஒரு செய்தி. சங்கமம் அன்று காலை முன்னாள் - இந்நாள் மாணவர் ஆட்டம் இருக்கிறது, தலைக்கு 20 ஓவர். நம் மேட் மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது. புது மேட்டுக்கு எங்கள் பேட்ச் பணம் கட்டிவிட்டது, இரண்டு வலையும் ஒரு கிட் பேக்கும் பாக்கி, 2008 பேட்ச் முந்திக்கொண்டால் நல்லது. மார்க்கர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், போன் பண்ணிப் பேசினேன், வருகிறேன் என்றிருக்கிறார். முன்னாள் மாணவர் அணியில் அவர் பெயரைத் தொடக்க ஆட்டக்காரராக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹெல்மெட் வேண்டாமாம். மதியச் சாப்பாடு இரண்டு அணிக்கும் மெஸ்ஸில், ஒரே பந்தி. பிரியாணிதான். எங்கள் விக்கெட் கீப்பர் துபாயிலிருந்து வருகிறான். அவனுக்கு லெக் பீஸ் எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று.